பூசுகிற கையை மதிப்பிடுகிறவர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் தொழிற்சாலைப் பூச்சுப் பணியாளர்களுக்கான தகுதித் தேர்வு பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, தேர்வு எழுதுவதைப் பற்றிக் கேட்டவர்களைவிடத் தேர்வு நடத்துவதைப் பற்றிக் கேட்டவர்களே மிகுதி. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: எஃகுக் கட்டமைப்புகளுக்குப் பூச்சடிக்கும் வேலையில் 14 ஆண்டுகளாக இருக்கிறேன். முதலில் பிளாஸ்டிங் (துகள்களை வேகமாக வீசி எஃகின் பரப்பைச் சுத்தம் செய்வது), பிறகு ஸ்ப்ரே, இப்போது ஒரு குழுவின் மேற்பார்வை. பூச்சு ஆய்வாளர் சான்றிதழும் வைத்திருக்கிறேன். பணியாளர்களுக்குத் தேர்வு வைத்துத் தகுதி வழங்கும் தேர்வாளர் பொறுப்பை ஏற்கும்படி நிறுவனத்தில் சொல்கிறார்கள். ஆய்வாளர் சான்றிதழ் இருந்தால் தேர்வாளராகவும் இருக்கலாம் அல்லவா?

பதில்: ஆய்வாளர் சான்றிதழ் உங்களுக்குப் பெரிதும் கைகொடுக்கும், ஆனால் அது மட்டும் போதாது. ஆய்வாளர் பார்ப்பது பூச்சை; தேர்வாளர் பார்ப்பது பூசுகிற மனிதரை. ஆய்வாளர் ஒரு தொட்டியின் சுவரில் 200 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரான்) படலம் இருக்கிறதா என்று அளந்து, இருந்தால் கையெழுத்திட்டுவிட்டு நகரலாம். தேர்வாளரோ, அந்த 200 மைக்ரான் எப்படி வந்தது என்று பார்க்கக் கடமைப்பட்டவர். கணக்கிட்டு, ஈரப்படலத்தை அளந்து, கையின் வேகத்தை மாற்றிக்கொண்டதால் வந்ததா, அல்லது அன்றைக்கு ஏதோ தற்செயலாக அமைந்துவிட்டதா? தற்செயலாக அமைந்தது அடுத்த தொட்டியில் அமையாது. சான்றிதழ் என்பது இனி வரப்போகும் வேலைக்குத் தரும் உறுதிமொழி. முடிந்துபோன ஒரு தகட்டுக்குத் தரும் பாராட்டு அல்ல.

ஆட்களுக்குச் சான்றளிக்கும் அமைப்புகள் எப்படி இயங்க வேண்டும் என்று வகுத்துள்ள ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17024 என்னும் நியமம், தேர்வாளர் என்ற சொல்லுக்கு ஒரு தெளிவான வரையறை தருகிறது. தொழில்சார்ந்த தீர்ப்பு தேவைப்படுகிற தேர்வை நடத்தவும் மதிப்பெண் இடவும் தகுதி பெற்றவர்தான் தேர்வாளர். எழுத்துத் தேர்வில் தாளைக் கொடுத்து நேரம் பார்க்கும் கண்காணிப்பாளரை அது தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டால், எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது தானே விளங்கும்: உங்களிடம் எதிர்பார்க்கப்படுவது தீர்ப்பு.

எந்தத் திட்டத்தின் கீழ் தேர்வாளராகப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், ஏனென்றால் ஒவ்வொன்றின் தேவையும் வேறு. நேஸ், எஸ்.எஸ்.பி.சி. என்ற இரு பழைய அமெரிக்க அமைப்புகள் 2021-இல் இணைந்து உருவான ஏ.எம்.பி.பி., பூச்சுப் பணியாளர்களுக்கு எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் அடங்கிய சான்றிதழை வழங்குகிறது. பிரிட்டனில் அரிப்பியல் கழகத்தோடு தொடர்புடைய ஐகேட்ஸ் என்ற திட்டம் தொழிற்சாலைப் பூச்சுப் பணியாளர்களுக்கென்றே நடக்கிறது. அணுமின் நிலையங்களில் எஃகுப் பரப்பில் பூசுகிறவர்களின் தகுதியைச் சோதிக்க ஏ.எஸ்.டி.எம். டி4228 என்ற நடைமுறையும், கான்கிரீட் பரப்புக்கு டி4227-உம் உள்ளன. நார்வேயில் தொடங்கிய ஃப்ரோசியோ பலருக்கும் தெரிந்த பெயர்தான். ஆனால் அது முதன்மையாக ஆய்வாளர்களுக்கான சான்றிதழ் என்பதால் இங்கே குழப்பிக்கொள்ள வேண்டாம். நீங்கள் சேரும் திட்டத்தின் தேர்வாளர் விதிமுறையை வாங்கி, பாடப்புத்தகம் படிப்பதுபோல வரிவரியாகப் படியுங்கள்.

அதன் பிறகு வருவதுதான் உண்மையான பயிற்சி. அனுபவமுள்ள ஒரு தேர்வாளரின் பக்கத்தில் நின்று, அவர் மதிப்பெண் இடும் அதே தாளின் இன்னொரு படியில் நீங்களும் தனியாக மதிப்பெண் இடுங்கள். தேர்வு முடிந்த பின்னரே இரண்டையும் ஒப்பிடுங்கள். முதல் சில முறை உங்கள் எண்களும் அவருடைய எண்களும் வெகுதூரம் விலகியிருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்த வரியில் விலகினீர்கள், அவர் கண்ட எதை நீங்கள் காணவில்லை என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த விலகல் குறைந்து, அவர் இல்லாமலே அவர் இடும் மதிப்பெண்ணுக்கு அருகில் வந்து நிற்கும் நாளில்தான் தனியாகத் தேர்வு நடத்தத் தயாராகிறீர்கள். கூடவே கண் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். அருகில் உள்ளதைப் பார்க்கும் திறன் மங்கியவருக்கு ஊசித்துளையும் தெரியாது, நிறம் பிரித்தறிய முடியாதவருக்கு விளிம்பில் வெளித்தெரியும் முதற்பூச்சும் தெரியாது.

கேள்வி: செய்முறைத் தேர்வில் தேர்வாளர் எதை எதைப் பார்க்கிறார்? நான் பார்த்த ஒரு தேர்வில் அவர் பாதி நேரம் தகட்டைப் பார்க்கவே இல்லை. ஸ்ப்ரே அடிப்பவரின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதில்: அந்தத் தேர்வாளர் தன் வேலையைச் சரியாகச் செய்தார் என்றே நினைக்கிறேன். காற்றைக் கலக்காமல் அழுத்தத்தாலேயே பூச்சைத் தெளிக்கும் ஏர்லெஸ் ஸ்ப்ரேயில் தகட்டின் மேல் விழுவதெல்லாம் மணிக்கட்டில்தான் முடிவாகிறது. ஸ்ப்ரே துப்பாக்கி பரப்புக்குச் செங்குத்தாக, ஏறக்குறைய 300 மில்லிமீட்டர் தூரத்தில், ஒரே வேகத்தில் இணையாக நகர வேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூட வேண்டும். தகட்டின் ஓரத்துக்கு வெளியே விசையை அழுத்தி, மறு ஓரத்தைத் தாண்டிய பிறகே விட வேண்டும். களைத்துப்போனவரும் அவசரப்படுகிறவரும் வீச்சின் முடிவில் கையை வளைத்துவிடுவார்கள்; துப்பாக்கி வில்போல் சுழலும். அப்போது நடுவில் தடித்தும் இரு முனைகளில் மெலிந்தும் படலம் விழும். பூச்சு ஈரமாக இருக்கும்போது இது கண்ணுக்குத் தெரியாது, எல்லாம் ஒரே பளபளப்பாக இருக்கும். காய்ந்த பிறகு படலத்தின் தடிமனை அளக்கும் அளவி சொல்லும். ஆனால் மணிக்கட்டைப் பார்த்திருந்த தேர்வாளருக்கு அது முன்பே தெரியும்; அளவி அவருக்கு உறுதிப்படுத்தத்தான்.

ஆனாலும் துப்பாக்கியைக் கையில் எடுப்பதற்கு முன்பே தேர்வின் பாதி முடிந்துவிடுகிறது. தேர்வாளரின் தாளில் நான் மிகுந்த இடம் ஒதுக்கச் சொல்வது அந்த முதல் பாதிக்கே.

சுற்றுச்சூழலை அவர் எப்படிச் சோதிக்கிறார் என்று பாருங்கள். காற்றின் வெப்பநிலை 30 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 26 டிகிரிக்குச் சற்று மேலே வரும். எஃகின் வெப்பநிலை பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. ஆகவே எஃகு 29 டிகிரியைத் தாண்டியிருக்க வேண்டும். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த கனமான தகடு 27 டிகிரியில் இருந்தால், தொட்டால் உலர்ந்தே இருக்கும், ஈரப்பதம் 85 விழுக்காட்டு வரம்புக்கு உள்ளேதான் இருக்கும், இருந்தாலும் அதில் பூசக்கூடாது. நல்ல பணியாளர் காற்றை மட்டும் அளந்துவிட்டு நிற்க மாட்டார். எஃகின் மேல் வெப்பமானியை ஒட்டிவைத்துக் காத்திருப்பார், அதிலும் நிழல் விழும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். இந்த ஒரு செயல் போதும், அவருக்கு விதி மனப்பாடமாகத் தெரியுமா, காரணத்தோடு தெரியுமா என்று கண்டுகொள்ள.

அடுத்தது கலவை. இரண்டு டப்பாக்களில் வந்து, கலந்த பிறகே இறுகும் இரு பொதிப் பூச்சில் முதன்மைப் பொதியை நன்றாகக் கலக்கிய பிறகு கடினப்படுத்தியை ஊற்றினாரா, டப்பாவின் அடியையும் ஓரத்தையும் வழித்தாரா, தயாரிப்பாளர் தாளில் சொன்ன காத்திருப்பு நேரத்தை மதித்தாரா, எத்தனை மணிக்குக் கலந்தார் என்று குறித்துக்கொண்டாரா என்பவை எல்லாம் தாளில் ஏற வேண்டும். துத்தநாகம் செறிந்த பூச்சாக இருந்தால், கலக்கிய பின்னும் கலக்கியை ஓடவிட்டுக்கொண்டே இருக்கிறாரா என்று பாருங்கள். துத்தநாகத் தூள் கனமானது, அடியில் இறங்கிவிடும். கலக்கியை நிறுத்தியவர் கொஞ்ச நேரத்தில் துத்தநாகம் குறைந்த பிசினைத்தான் அடித்துக்கொண்டிருப்பார்.

பிறகு அந்தச் சிறிய கணக்கு. திடப்பொருள் பருமன் (காய்ந்த பிறகு எஞ்சும் பங்கு) 80 விழுக்காடு உள்ள எபாக்ஸிப் பூச்சு, தேவையான உலர்படலம் 200 மைக்ரான். 200-ஐ 0.8-ஆல் வகுத்தால் 250 மைக்ரான் ஈரப்படலம். அதில் 10 விழுக்காடு தின்னர் சேர்த்தால் 275 ஆக வேண்டும். பணியாளர் தின்னரை ஊற்றிவிட்டு, பழைய 250-ஐயே குறிவைத்து அடிப்பது நான் அடிக்கடி காணும் பிழை. காய்ந்த பிறகு 180-இல் நிற்கும் அந்தப் படலத்தைப் பார்த்து அவர் அளவியைக் குறைசொல்வார்.

ஈரப்படலச் சீப்பைப் பயன்படுத்தும் விதத்தையும் கூர்ந்து பாருங்கள். அடித்த கணமே, பரப்புக்குச் செங்குத்தாக, இரு முனைப் பற்களும் அடியைத் தொடும்படி ஊன்றி, எடுத்து, எந்தப் பல் வரை நனைந்தது என்று படித்து, துணியால் துடைத்து வைத்தால் சரி. துடைக்காமல் பையில் போட்டவரின் சீப்பில் அடுத்த நாள் காய்ந்த பூச்சு ஒட்டியிருக்கும். அந்தச் சீப்பு அன்றிலிருந்து பொய் சொல்லும். இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள்.

தகட்டைப் பொறுத்தவரை, வெறும் தட்டையான தகட்டில் தேர்வு வைக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. தட்டையில் எல்லோரும் தேறிவிடுவார்கள். கோண இரும்பு, பற்றவைப்புத் தையல், போல்ட்டும் நட்டும், ஒரு குழாய்த் துண்டு, உட்புற மூலை ஆகியவை அதில் இருக்க வேண்டும். கூரான விளிம்பில் ஈரப்பூச்சு தன் பரப்பு இழுவிசையால் பின்வாங்கி மெலிந்துவிடும். உண்மையான கட்டமைப்பில் துரு முதலில் எட்டிப்பார்ப்பதும் அங்கேதான். அதனால்தான் ஐ.எஸ்.ஓ. 8501-3 நியமம் அதன் உயர்ந்த தயாரிப்புத் தரத்தில் விளிம்புகளைக் குறைந்தது 2 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்டச் சொல்கிறது. விளிம்பு கூராக இருப்பதைக் கண்டு உங்களிடம் வந்து சொல்லும் பணியாளருக்கும், விளிம்புகளுக்கும் தையலுக்கும் முதலில் பிரஷ்ஷால் ஸ்ட்ரைப் கோட் என்னும் கூடுதல் பட்டைப் பூச்சைக் கொடுத்துவிட்டுப் பிறகு துப்பாக்கியை எடுக்கும் பணியாளருக்கும் மதிப்பெண் தாளில் தனி இடம் இருக்கட்டும்.

கேள்வி: ஒரு தகட்டை இரண்டு தேர்வாளர்கள் பார்த்து, ஒருவர் தேர்ச்சி என்றும் மற்றவர் தோல்வி என்றும் சொன்னதை நேரில் கண்டேன். இப்படி இருக்கும்போது அந்தச் சான்றிதழுக்கு என்ன மதிப்பு?

பதில்: அதை வெளிப்படையாகக் கண்டுபிடித்ததற்கு அந்த இருவரையும் மெச்ச வேண்டும். பல இடங்களில் ஒருவரே பார்ப்பதால் இந்த வேறுபாடு வெளியே தெரிவதில்லை. இதைக் குறைக்க வழி, தீர்ப்பு தேவைப்படும் இடங்களைச் சுருக்குவதும், எஞ்சிய இடங்களில் சொற்களை இறுக்குவதும்தான். "பூச்சு நன்றாக உள்ளது" என்ற வரி தாளில் இருந்தால் இருவரும் இரு விதமாகத்தான் மதிப்பெண் இடுவார்கள். "வழிதல், ஊசித்துளை, உலர்தெளிப்பு (பரப்பை அடையும் முன்பே காய்ந்து விழுந்த பூச்சு) ஆகியவை இல்லை, இருந்தால் எத்தனை இடத்தில்" என்று எழுதினால் எண்ணிக்கைதான் பேசும்.

அளவு எடுப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. பிளாஸ்டிங் செய்த எஃகின் பரப்பு மேடும் பள்ளமுமாக இருப்பதால், வழவழப்பான தகட்டில் சரிசெய்த அளவி அங்கே உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். ஐ.எஸ்.ஓ. 19840 இதற்காகத் திருத்த மதிப்புகள் தருகிறது: நுண்ணிய சொரசொரப்புக்கு 10, நடுத்தரத்துக்கு 25, கரடானதற்கு 40 மைக்ரான் கழிக்க வேண்டும். ஒரு தேர்வாளர் கழித்தார், மற்றவர் கழிக்கவில்லை என்றால் 25 மைக்ரான் வித்தியாசம் அங்கேயே வந்துவிடும். எல்லையில் நிற்கும் ஒரு பணியாளரைத் தேறச் செய்யவும் தோற்கச் செய்யவும் அது போதுமானது. ஏற்பு வரம்பும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். அதே நியமத்தின்படி எந்தத் தனி அளவும் குறித்த தடிமனில் 80 விழுக்காட்டுக்குக் கீழே போகக்கூடாது. சராசரி, குறித்த தடிமனை எட்டியிருக்க வேண்டும். எஸ்.எஸ்.பி.சி. பி.ஏ. 2 என்ற தடிமன் அளக்கும் நியமத்தைப் பின்பற்றும் திட்டத்தில் கணக்கு வேறு. அங்கே ஒரு புள்ளியின் மதிப்பு என்பது மூன்று அளவுகளின் சராசரி. எந்த நியமத்தால் அளக்கிறீர்கள் என்பதைத் தேர்வு தொடங்கும் முன் பணியாளரிடமும் சொல்லிவிடுங்கள். எதிலே தேற வேண்டும் என்று தெரியாமல் ஒருவரைத் தேர்வுக்கு உட்படுத்துவது நியாயமில்லை.

ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரு திட்டத்தின் தேர்வாளர்கள் எல்லோரும் கூடி, பெயர் மறைத்த ஒரே தகடுகளுக்குத் தனித்தனியாக மதிப்பெண் இட்டு ஒப்பிட வேண்டும். அங்கே வரும் விவாதங்கள் எந்தப் பாடத்தையும்விட அதிகம் கற்றுத் தருகின்றன.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் பயிற்சி கொடுப்பதும் நானே. நான் பயிற்றுவித்தவர்களுக்கு நானே தேர்வு வைக்கலாமா? அவர்களின் வேலையை என்னைவிட அறிந்தவர் யாருமில்லையே.

பதில்: தவிர்க்க முடியுமானால் கட்டாயம் தவிர்த்துவிடுங்கள். நீங்கள் நேர்மையானவர் என்பதில் எனக்கு ஐயமில்லை, பிரச்சினை நேர்மையில் இல்லை. உங்கள் மாணவர் விளிம்பை விட்டுவிட்டால், "இவனுக்குத் தெரியும், இன்றைக்கு மறந்துவிட்டான்" என்று உங்கள் மனம் தானாக நிரப்பிக்கொள்ளும், ஏனென்றால் அவன் அதைச் சரியாகச் செய்ததை நீங்கள் இருபது முறை கண்டிருக்கிறீர்கள். அறிமுகமில்லாத தேர்வாளருக்கு அந்த நினைவு இல்லை. அவருக்கு முன்னால் நிற்பது பூசப்படாத விளிம்பு மட்டுமே. இன்னொன்று, நீங்கள் தவறாகச் சொல்லிக்கொடுத்த ஒன்றை நீங்களே சரியென்று மதிப்பெண் இட்டுவிடுவீர்கள், அந்தத் தவறு யார் கண்ணிலும் படாமல் தலைமுறை தலைமுறையாகத் தொடரும். 17024 நியமம் நடுநிலைமையை இவ்வளவு வலியுறுத்துவதும், பயிற்சியால் தேர்வின் நடுநிலைமை கெடக்கூடாது என்று கேட்பதும் இதனால்தான். வேறு வழியே இல்லாத சிறிய நிறுவனமாக இருந்தால், தகட்டை எண் இட்டுப் பெயர் மறைத்து வெளியாள் ஒருவரை அளக்கச் செய்யுங்கள், பூசும் காட்சியைக் காணொளியாகப் பதிவு செய்து இன்னொரு தேர்வாளருக்கு அனுப்புங்கள், உங்கள் உறவைச் சான்றளிக்கும் அமைப்பிடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: தேர்வுக்கு வரும் சிலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வேலையில் கெட்டிக்காரர்கள். எழுத்துத் தேர்வில் அவர்கள் தோற்றுப்போகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: தேர்வு எதைச் சோதிக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கலவை விகிதத்தைப் புரிந்துகொள்ளும் திறமையையா, வாக்கியம் அமைக்கும் திறமையையா? திட்டம் அனுமதித்தால் கேள்விகளை வாய்மொழியாகக் கேளுங்கள். எல்லோரிடமும் ஒரே சொற்களில், தாளில் உள்ளபடியே படித்துக் காட்டி, பதிலைப் பதிவு செய்யுங்கள். தலையாட்டலாலோ குரலின் ஏற்ற இறக்கத்தாலோ விடையைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கப் பழகிக்கொள்ள வேண்டும். இது நினைப்பதைவிடக் கடினம். ஆனால் ஒன்றில் விட்டுக்கொடுக்க முடியாது. டப்பாவின் மேல் உள்ள எச்சரிக்கைக் குறியீடுகளையும், கலவை விகித எண்களையும், காலாவதி நாளையும் அவர் அடையாளம் காண வேண்டும். அதைத் தாளில் கேட்காமல், உண்மையான டப்பாவை அவர் கையில் கொடுத்தே கேட்கலாம்.

கேள்வி: தேர்வின் நடுவே பணியாளர் ஆபத்தான ஒன்றைச் செய்தால் தேர்வாளர் குறுக்கிடலாமா, அல்லது மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டுமா?

பதில்: உடனே நிறுத்துங்கள். இதில் இரண்டாவது எண்ணமே வேண்டாம். ஏர்லெஸ் துப்பாக்கியின் வாயில் அழுத்தம் 200 பார் அளவில் இருக்கும், அதைத் தாண்டவும் கூடும். துப்பாக்கி முனையில் உள்ள டிப் அடைத்துக்கொண்டால் விரலால் துடைக்கப் போகிறவர்கள் உண்டு. அந்தத் தாரை தோலைத் துளைத்துப் பூச்சையும் கரைப்பானையும் உள்ளே செலுத்திவிடும். வெளியே தெரிவது ஊசி குத்தியது போன்ற ஒரு புள்ளி, வலியும் முதலில் அதிகம் இராது. ஆனால் அது அறுவை சிகிச்சை தேவைப்படும் அவசர நிலை, சில மணி நேரத் தாமதமே விரலை இழக்கச் செய்யலாம். பம்பை நிறுத்தி, அழுத்தத்தை வெளியேற்றி, விசையைப் பூட்டிய பிறகே டிப்பைத் தொடுகிறார் என்பது மதிப்பெண்ணுக்கு உரிய செயல் மட்டும் அல்ல. அதைச் செய்யாதவர் அந்தத் தேர்வில் அங்கேயே தோற்றவர் என்று விதியில் எழுதி வையுங்கள். பிளாஸ்டிங் தேர்வில், கையை விட்டால் தானே நிற்கும் பிடியைக் கம்பியால் கட்டி வைத்திருப்பதும் இதே வகையைச் சேர்ந்தது. பாலியூரித்தேன் பூச்சில் உள்ள ஐசோசயனேட் என்ற நச்சுப் பொருளுக்கு எதிராக அவருக்கு என்ன சுவாசக் கவசம் தேவையோ, அருகில் நிற்கும் உங்களுக்கும் அதே கவசம் தேவை. தேர்வாளர் முகமூடி இல்லாமல் நிற்பதைக் காணும் பணியாளர் அதையே பாடமாக எடுத்துக்கொள்வார்.

கேள்வி: இருபது ஆண்டுகளாகப் பூச்சு வேலை செய்கிறேன். என்னைவிட வயதில் மிகவும் இளையவர் ஒருவர் தேர்வு வைத்து என்னைத் தோற்றவர் என்று அறிவித்தார். தட்டைப் பரப்பில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. "சில இடங்களில் குறை" என்று மட்டும் தாளில் இருக்கிறது. எந்த இடம் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. என் வேலையின் மேல் எனக்கே நம்பிக்கை போய்விட்டது.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் வேலையில் குறை இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்; தகட்டைக் காணாமல் நான் சொல்ல முடியாது. ஆனால் தேர்வாளரின் வேலையில் குறை இருந்தது என்பதை உறுதியாகச் சொல்கிறேன். "சில இடங்களில் குறை" என்பது முடிவே அல்ல. எந்த இடம், எத்தனை மைக்ரான், எத்தனை இருக்க வேண்டும், எந்த விதியின்படி என்று எழுதாத தோல்வி, தோற்றவருக்கு எதையும் கற்றுத் தருவதில்லை. மதிப்பெண் தாளின் விவரத்தை எழுத்தில் கேளுங்கள். ஒழுங்கான எந்தச் சான்றளிக்கும் திட்டத்திலும் முறையீட்டுக்கு வழி இருக்க வேண்டும் என்று 17024 சொல்கிறது. முறையீட்டை முதலில் தீர்ப்பு சொன்னவரே விசாரிக்கக் கூடாது.

இங்கே என் சொந்தத் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். தேர்வாளராகிய தொடக்கத்தில், எல்லோரும் மதிக்கும் கைத்திறன் உள்ள மூத்த பணியாளர் ஒருவருக்குத் தேர்வு வைத்தேன். அவருடைய தட்டைப் பரப்பு கண்ணாடிபோல இருந்தது. அளவெடுத்தேன், எல்லாம் சரி. மனநிறைவோடு தேர்ச்சி என்று எழுதினேன். உடனிருந்த மற்றொரு தேர்வாளர் சட்டைப் பையிலிருந்து நீண்ட பிடி வைத்த சிறு கண்ணாடியை எடுத்து, கோண இரும்பின் அடிப்பக்கத்துக்கு நீட்டினார். அங்கே நட்டின் கீழே விரல் நகம் அளவுக்கு முதற்பூச்சின் சிவப்பு அப்படியே தெரிந்தது. மேற்பூச்சு எட்டவே இல்லை. என் கையில் டார்ச் இருந்தது, கண்ணாடியும் இருந்தது. அவர்மேல் நான் வைத்திருந்த மரியாதை என்னைக் குனியவிடவில்லை. தேர்ச்சியை அடித்துவிட்டு, அந்த மூத்தவரை அழைத்து, கண்ணாடியை அவர் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் வெகுநேரம் பார்த்தார். "மேலிருந்து பார்த்தால் மூடியதுபோல இருந்தது" என்றார். அவர் சொன்னது உண்மைதான். அடுத்த முறை வந்தபோது ஒவ்வொரு நட்டையும் நான்கு பக்கமிருந்தும் பிரஷ்ஷால் தொட்ட பிறகே துப்பாக்கியை எடுத்தார்.

நீங்களும் அப்படி ஒரு கண்ணாடியை வாங்கிக்கொண்டு உங்கள் அடுத்த வேலையை நீங்களே சோதித்துப் பாருங்கள். இருபது ஆண்டு அனுபவம் வீண்போகாது; மறைவான இடங்களில் கண் போகாமல் இருந்திருந்தால் அது சில வாரங்களில் திருத்திக்கொள்ளக்கூடிய பழக்கமே. அதே சமயம் முறையீட்டையும் கைவிடாதீர்கள்.

கேள்வி: பிரஷ், ரோலர், சாதாரண ஏர்லெஸ் ஆகியவற்றில் எனக்கு நல்ல அனுபவம். இரு பாகங்களையும் துப்பாக்கி அருகில் கலக்கும் சூடாக்கிய ப்ளூரல் கருவியில் நான் வேலை செய்ததில்லை. அதற்கும் தேர்வாளராக இருக்கும்படி கேட்கிறார்கள். தாளில் உள்ள கேள்விகளை வைத்து நடத்திவிடலாமா?

பதில்: இப்போதைக்கு மறுத்துவிடுங்கள். அந்தக் கருவியில் வரும் பிழைகள் வேறு வகையானவை. ஒரு பக்கப் பம்பு திணறினாலோ, ஒரு குழாயின் சூடு இறங்கினாலோ கலவை விகிதம் மாறிவிடும்; பரப்பில் பளபளப்பாகவே விழுந்து, மறுநாள் ஓரிடத்தில் பிசுபிசுப்பாகவும் இன்னோரிடத்தில் நொறுங்குவதாகவும் இருக்கும். அந்தக் கருவியை இயக்கிப் பழகியவர் இரு அழுத்தமானிகளின் முட்களும் விலகத் தொடங்குவதைக் கண்டதும் கையை எடுத்துவிடுவார். தேர்வாளரும் அதே முட்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பழகாதவர் தகட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு பருவம் முழுக்க அந்தக் கருவியோடு வேலை செய்யும் குழு ஒன்றில் உதவியாளராகச் சேருங்கள். குழாய்களைக் கழுவுங்கள், வடிகட்டிகளை மாற்றுங்கள், விகிதச் சோதனைக்குத் தனித்தனி அளவுக் குடுவைகளில் பிடித்துப் பாருங்கள், பிறகு துப்பாக்கியைக் கேட்டு வாங்குங்கள். அதன் பின்னர் அனுபவமுள்ள தேர்வாளரின் பக்கத்தில் இரண்டாம் தாளோடு நின்று தொடங்கலாம். அதுவரை உங்கள் நியமனக் கடிதத்தில் பிரஷ், ரோலர், ஏர்லெஸ் என்று மூன்று முறைகளின் பெயர்கள் மட்டும் இருக்கும்படி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.